கலயத்துக்குச் சோலி கிடைச்ச கதை

மேளக்காரவிய இன்னும் வந்து சேரல. வெயிலுக்கு முன்னால வந்துருவோம்னு சொன்னாவ, பாப்போம். அதுவரைக்கும் இப்படி மணல்லயே உக்காருங்க. உப்பு வாருற பலகைய வரிசைய விட்டு யாரும் எடுக்காதிய. புதுசா சோலிக்கு வந்தவிய, வரிசைக்குத் தலமாட்டுல கவுத்து வச்சிருக்கே ஒரு ஓட்டுச்சில்லு, அது என்னன்னு கேட்டிய இல்ல? உடைஞ்ச கலயத்தோட ஓடுதான். காலு பட்டுராம உக்காருங்க. அதுக்கு ஒரு கதை இருக்கு. நான் கண்ணால பாத்ததில்ல, காதால கேட்டது.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, ரோடு வரல, லாரி வரல, உப்பத் தோணியில ஏத்தி அனுப்புன காலம். இதே சங்குவிளையில உச்சிமாளின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு பலவேசம்.

பலவேசம் லேசுப்பட்ட ஆளு இல்ல. இந்த உப்பளத்துல அவரப் போல உப்பு வார ஆளு கிடையாதாம். அவரு பலகை போட்டு இழுத்தா அடிச்சேறு ஒரு துளி மேல வராதாம். உப்பு மல்லிப்பூ கணக்கா வெள்ளையா வந்து ஒதுங்குமாம். தோணிக்காரன் அம்பாரத்தப் பாத்தே இது பலவேசம் வாருன உப்புன்னு சொல்லிருவானாம். வீட்டுல சோறு இருந்துச்சு, நல்ல தண்ணி இருந்துச்சு, கைப்பிள்ள ஒண்ணு இருந்துச்சு. உச்சிமாளிக்கு வேற என்ன வேணும்?

அந்தக் காலத்து வழக்கத்தச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். தை பொறந்து, மழை விட்டு, அளம் திறக்கிற அன்னைக்கு அவனவன் பலகைய அவனவன் தோள்ல சுமந்துட்டு வந்து அளத்தம்மன் முன்னால வரிசையா வைக்கணும். கங்காணி குங்குமத் தட்டோட வருவாரு. எந்தப் பலகையில பொட்டு விழுதோ அந்த ஆளுக்கு வருசம் முழுக்கச் சோலி. பொட்டு விழலன்னா சோலி இல்ல. அம்மன் முன்னால விழுந்த பொட்டக் கங்காணியாலயும் அழிக்க முடியாது, மொதலாளியாலயும் அழிக்க முடியாது. இன்னைக்கும் அதே வழக்கம்தான், அதான உக்காந்திருக்கோம்.

ஆனா அன்னைக்குப் பொட்டுக்கு இன்னொரு பலமும் இருந்துச்சு. பொட்டு விழுந்த வீட்டுக்குத்தான் நல்லதண்ணிக் கிணத்துல தண்ணி. மத்தவிய ரெண்டு மைலு நடந்து ஓடைக்கரை ஊத்துல கோரணும், அதுவும் வாயில வச்சா கரிக்கும். மூணு வருசம் தொடர்ந்து பொட்டு விழலன்னா இருக்கிற குடிசையும் அளத்துக்குப் போயிரும். பிள்ளகுட்டியத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

சாராயம் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. பாத்தியில நிக்கிறவனுக்குக் காலு எரியும், உங்களுக்கே தெரியும். பித்தவெடிப்புல உப்புத்தண்ணி இறங்குனா உச்சி வரைக்கும் சுள்ளுன்னு ஏறும். அதுக்குக் கங்காணி ஒரு மருந்து வச்சிருந்தாரு. விடிஞ்சதும் வரப்புல நின்னுக்கிட்டு ஆளுக்கொரு மடக்கு ஊத்துவாரு. அவனவன் கலயத்த நீட்டி வாங்கிக் குடிச்சுட்டுப் பாத்தியில இறங்குவான். காலைல குடிச்சா அதுக்கு மருந்துன்னு பேரு, சாயங்காலம் கடையில போய்க் குடிச்சா அசதிக்குன்னு பேரு. பலவேசமும் குடிச்சாரு. ஊருல ஒருத்தர் ஒண்ணும் சொல்லல. சோலி பாக்கிறவன் எவ்வளவு குடிச்சாலும் இந்த ஊருக்குக் கண்ணு தெரியாது. இப்பவும் அப்படித்தான், எனக்குத் தெரியாதா?

அப்படி இருக்கையில ஒரு மாசி மாசம் காலங்கெட்டு மழை பெஞ்சுச்சாம். மூணு நாளு விடாம. அம்பாரம் அம்பாரமாக் குவிச்ச உப்பு கரைஞ்சு கடலுக்கே போயிருச்சு. மறுவருசம் தையில பாதி ஆளு போதும்னு மொதலாளி சொல்லிட்டாராம். யாரக் கழிக்கிறது? பலவேசத்துக்கு உள்ளங்கால்ல ஒரு புண்ணு, அஞ்சு மாசமா ஆறல. கங்காணி வந்தாரு, அவரு காலப் பாத்தாரு, பலகையத் தாண்டிப் போயிட்டாரு. அது மொத வருசம்.

சோலி போச்சு, குடி போகல. அது எப்படிப் போகும்? அஞ்சாறு வருசம் தெனம் விடிஞ்சதும் ஊத்தி ஊத்திப் பழக்குன உடம்பு. ஆனா ஒரே சாராயத்துக்கு ஊரு இப்ப வேற பேரு வச்சிருச்சு. சோலி இல்லாதவன் குடிச்சா அது திமிரு, கொழுப்பு, அவன் வெறுவாக்கலங்கெட்டவன். அவரு கடைக்குப் போனா ஊரு பாத்துச்சு. கடையில இருந்து வந்தா ஊரு பாத்துச்சு. வீட்டுக்குள்ள கிடந்தா வாசல்ல எட்டிப் பாத்துச்சு. 'பாத்தியா, பாத்தியா'ன்னு ஒருத்தருக்கொருத்தர் கண்ணக் காட்டுனாவளாம். சோலி கேட்டுப் போனா, நேத்து உன்னக் கடை வாசல்ல பாத்தனேன்னு சொன்னாவளாம். ஒரு வேலையும் இல்லாத மனுசன் கடை வாசல்ல நிக்காம வேற எங்க போயி நிப்பான்னு ஒருத்தருக்கும் தோணல.

அந்த வருச மழைக்காலத்துல அவரு ஒரு காரியம் செஞ்சாரு. செய்யக் கூடாத காரியம். பலகையத் தூக்கிட்டுப் போயி சாராயக் கடையில வச்சுட்டுக் குடிச்சாரு. தைக்கு முன்னால மீட்டுருவேன்னு உச்சிமாளி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாராம். தை வந்துச்சு. உச்சிமாளி காதுல கிடந்த பாம்படத்தக் கழத்திக் கொண்டுபோயி நின்னா, கடைக்காரன் உதட்டப் பிதுக்குனானாம். ஐப்பசி மழையில விறகு நனைஞ்சு போச்சு, பலகைய அடுப்புல வச்சுட்டேன்னு சொன்னானாம். அந்தப் பலகையோட பிடி பலவேசத்தோட உள்ளங்கை தேஞ்சு வழுவழுன்னு இருக்குமாம். அது சாம்பலாப் போச்சு. அன்னைக்கு வரிசையில அவரு வெறுங்கையோட நின்னாரு. கங்காணி தாண்டிப் போனாரு. அது ரெண்டாவது வருசம்.

இப்ப மூணாவது வருசம். இந்தத் தையிலயும் பொட்டு விழலன்னா குடிசை போயிரும். ஊத்துத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உச்சிமாளிக்குப் பாலு வத்திருச்சு. பிள்ளைக்கு வயிறு மட்டும் முன்னால, கையும் காலும் ஈர்க்குச்சி. அழுதா சத்தமே வரலையாம். அவ என்ன பாடு பட்டிருப்பான்னு நினைச்சுப் பாருங்க.

பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு கொம்பையா ஆசாரிகிட்ட போனாளாம். ஆசாரிதான் அளத்துக்கெல்லாம் பலகை செய்யிறவரு. ஒரு பலகை செஞ்சு தாங்க அய்யா, பாம்படத்த எடுத்துக்கிடுங்கன்னு கேட்டா. ஆசாரி சொன்னாராம், கங்காணி சோலி உண்டுன்னு சொல்லாம நான் எந்த ஆளுக்கும் பலகை செய்யக் கூடாது தாயி, கங்காணிகிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வா.

கங்காணி சொரிமுத்துகிட்ட போனா. கங்காணி சொன்னாராம், பலகை இல்லாதவனுக்கு நான் எப்படி வார்த்தை குடுக்க? பலகையக் கொண்டா.

திரும்ப ஆசாரிகிட்ட போனா. கங்காணி சொல்லணும். திரும்பக் கங்காணிகிட்ட போனா. பலகையக் கொண்டா. இங்க போனா அங்க, அங்க போனா இங்க. நாலு நாளு நடந்தாளாம் அந்த வெயில்ல. சரி, ஒரு நாளைக்கு இரவல் கேப்போம்னு பக்கத்து வீட்டு மைனிகிட்ட போனா. மைனி நல்லவதான், பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி ஊத்துனவதான். ஆனா பலகைன்னு சொன்னதும் கதவுக்குக் குறுக்க நின்னுட்டாளாம். பலகைய இரவல் குடுத்தா பொட்டும் கூடப் போயிரும்னு அன்னைக்கு ஒரு பயம். அளத்துல ஒரு வீட்டுல கூட பலகை கிடைக்கல.

பலவேசத்துக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். பொண்டாட்டி நாயா அலையுறதப் பாத்துட்டு எட்டு நாளா அவரு கலயத்தத் தொடல. தொடாம விட்டதும் கை ஆட ஆரம்பிச்சிருச்சு. சோத்துருண்டை வாய்க்குப் போறதுக்குள்ள சிந்திரும். அப்படியும் ஒரு நாளு அளத்துக்குப் போயி, யாரும் கூப்பிடாமலே, மழையில அழிஞ்ச வரப்ப வெறுங்கையால மண்ணு அள்ளி அள்ளிக் கட்டுனாராம். கங்காணி ஆள விட்டுத் துரத்துனாரு. ஊரு பாத்துச்சு. குடிக்கும்போது குடிகாரன்னு சொன்ன வாயி, குடிய விட்டதும், கையப் பாரு எப்படி ஆடுது, இவன் எங்க பலகை பிடிக்கன்னு சொல்லுச்சாம்.

அளம் திறக்கிறதுக்கு முந்தின நாளு அவரு சுவத்துல சாஞ்சுக்கிட்டு மெதுவாச் சொன்னாராம்.

"உச்சிமாளி, நீ பிள்ளையத் தூக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. நான் இல்லன்னா உனக்கு ஒரு வாயி சோறு தருவான். நான் கடல்ல இறங்கிக்கிடுதேன்."

அவ வீட்டச் சுத்திப் பாத்தாளாம். அண்டா போயிருச்சு, உரலு போயிருச்சு, பாயி போயிருச்சு. மூலையில அவரு குடிக்கிற மண்கலயம் மட்டும் கவுந்து கிடந்துச்சு. அது ஒண்ணத்தான் யாரும் விலைக்குக் கேக்கல.

விடிஞ்சுச்சு. அளத்தம்மன் முன்னால வரிசையாப் பலகை. எல்லாரும் குளிச்சு, வேட்டி மாத்தி, நிக்காவ. பலவேசம் தலையக் கவுத்துக்கிட்டு ஓரமா நிக்காரு, அவரு நிக்கிறதையும் ஊரு பாக்குது. உச்சிமாளி இடுப்புல பிள்ளையும் கையில கலயமுமா வந்தா. கடைசிப் பலகைக்குப் பக்கத்துல குனிஞ்சு அந்தக் கலயத்த வச்சா. வச்சுட்டு எந்திரிச்சு நின்னா.

கங்காணி கேட்டாராம், ஏளா, இது என்ன கோட்டி, பைத்தியமா பிடிச்சிருக்குன்னு.

"கோட்டி இல்ல கங்காணியாரே. எங்க வீட்டு ஆளுக்கு ரெண்டு சாமான் இருந்துச்சு. ஒண்ணு பலகை, ஒண்ணு கலயம். ரெண்டையும் விடிஞ்சா உங்க முன்னாலதான் நீட்டுனாவ. பலகையப் பாத்துச் சோலி குடுத்திய, கலயத்தப் பாத்துச் சாராயம் குடுத்திய. ஒண்ண நீங்க நிறுத்திட்டிய. மிச்சம் இருக்கிறது இதுதான். இத வச்சுத்தான் அவிய ரெண்டு வருசமா மாடு கணக்கா உழைக்காவ. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கங்காணிக்கு மொகம் கறுத்துருச்சு. அம்மன் முன்னால ஒரு பொம்பள இப்படிக் கேட்டுட்டாளேன்னு கோவம். கோவத்த வெளிய காட்டுனா அசிங்கம்னு சிரிச்சாராம். சரி, உன் கலயத்துக்கே சோலி குடுத்துருதேன், போன்னு கேலியாச் சொல்லிக்கிட்டு, குங்குமத்த விரல்ல தொட்டு, கலயத்து வயித்துல ஒரு பொட்டு வச்சுட்டாரு. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு.

பூசாரி சிரிக்கல. கங்காணி காதுக்கிட்ட போயி, என்ன வேலை செஞ்சிய, அம்மன் முன்னால விழுந்த பொட்ட அழிக்க முடியாதேன்னு சொன்னாராம். அதுக்கப்புறம்தான் கங்காணிக்கு உறைச்சுச்சு. கலயத்துக்குப் பொட்டு விழுந்துருச்சு. கலயம் பலவேசத்தோடது. அப்ப பலவேசத்துக்குச் சோலி. உச்சிமாளி நேரா நல்லதண்ணிக் கிணத்துக்குப் போயி ஒரு வாளி இறைச்சு, பிள்ளை வாயில கையால அள்ளி அள்ளி விட்டாளாம்.

கங்காணி தோத்தவரு சும்மா இருப்பாரா? பொட்டு எதுல விழுந்துச்சோ அத வச்சுத்தான் சோலி பாக்கணும், அதுதான் முறைன்னு சொல்லிட்டாரு. பலகை கிடையாது. அளம் திறந்ததும் மொதச் சோலி பாத்தியில மழைக்குப் படிஞ்ச சேற வாருறதுதான், கலயத்த வச்சு எப்படிச் சேறு வார? பலவேசம் கலயத்தத் தூக்கி வரப்புல ஒரு தட்டு தட்டுனாராம். ரெண்டாப் பிளந்துச்சு. பெரிய ஓட்டக் கையில எடுத்துக்கிட்டுப் பாத்தியில மண்டி போட்டாரு.

மத்தவன் எல்லாம் நின்னுக்கிட்டுப் பலகை இழுக்கான். இவரு ஒருத்தரு முட்டி போட்டு, உப்புத்தண்ணிக்குள்ள கைய விட்டு, ஓட்டால அடிச்சேற வழிச்சு வழிச்சுக் கரையேத்துதாரு. கையி ஆடுது. ஓட்டு விளிம்பு விரல அறுக்குது, அறுத்த இடத்துல உப்பு இறங்குது. எழுந்துருச்சா சோலி போயிரும்னு எழுந்துருக்கல. மொத நாளு ஊரு சிரிச்சுச்சு. ரெண்டாம் நாளும் சிரிச்சுச்சு.

மூணாம் நாளு சாயங்காலம் அவரு கடைக்குப் போனாரு. போகலன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். கலயம் இல்ல, உள்ளங்கையக் குவிச்சு வாங்கிக் குடிச்சாராம், விரல்ல இருந்த ரத்தத்தோட. 'பாத்தியா'ன்னு ஊரே சொல்லுச்சு. உச்சிமாளி அன்னைக்குத்தான் வாய் விட்டு அழுதாளாம்.

நாலாம் நாளு விடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னால அவரு வரப்புல நிக்காரு. கங்காணி சாராயத்தோட வந்தாரு. ஒவ்வொருத்தனா கலயத்த நீட்டுதான். பலவேசம் முறை வந்ததும் கங்காணி, மருந்து வேணாமா, ஓட்ட நீட்டுன்னு சொன்னாரு. பலவேசம் ஓட்ட நீட்டுனாரு. நீட்டி, கங்காணி கண்ணு முன்னாலயே அதக் கவுத்துப் பிடிச்சாராம். கவுத்துப் பிடிச்ச ஓட்டோட போயிப் பாத்தியில மண்டி போட்டாரு. அப்புறம் சாகிற வரைக்கும் குடிக்கல.

ஆமா, செத்துத்தான் போனாரு. இருபது நாளு அப்படி வாருனாரு. பாத்தி கண்ணாடி கணக்கா ஆச்சு, கை ரெண்டும் வீங்கிப் பழுத்துருச்சு. கொம்பையா ஆசாரிக்கு அதுக்கு மேல தாங்கல. கங்காணி வார்த்தை வரட்டும்னு காத்திருக்காம, ஒரு பலகையச் செஞ்சு, நல்லா இழைச்சு, அவரே தோள்ல சுமந்துட்டு வந்து குடிசையில சாத்தி வச்சாரு. பலவேசம் அதப் பாத்தாராம். பிடிக்கப் போனாரு, விரலு மடங்கல. காய்ச்சலு ஏறி மூணாம் நாளு போயிட்டாரு. அவரு பாத்தியில மொத உப்பு பூத்தது அதுக்கு மறுநாளு. வாருறதுக்கு அவரு இல்ல.

செத்த வீட்டுக்கு ஊரு வந்துச்சு. பலவேசம் மாதிரி உழைப்பாளி உண்டுமான்னு ஒப்பாரி வச்சாவளாம். எனக்கு ஆத்திரமா வரும். இருக்கும்போது ஒருத்தன் வாயில இருந்து அந்தச் சொல்லு வரலையே. கங்காணி பாடை கட்டுன வாசல்ல வந்து நின்னு, உனக்கு என்ன வேணும்னாலும் கேளு தாயின்னு சொன்னாராம். அம்மன் முன்னால விளையாடுனோமேன்னு பயம் பிடிச்சிருச்சு அவர.

"இந்தப் பலகையத் தொடாமலே அவிய போயிட்டாவ. அடுத்த தையில இத அம்மன் முன்னால, அவிய ஓட்டுக்குப் பக்கத்துல வைங்க. பலகை இல்லாதவன் எவனும் வந்து எடுத்துக்கிடட்டும். ஏன் இல்லன்னு கேக்கக் கூடாது. குடிச்சியான்னு மோந்து பாக்கக் கூடாது. அவன் எடுக்கும்போது நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிடணும். எங்க வீட்டு ஆள நீங்க பாத்துப் பாத்துத்தான் கொன்னிய."

அவ்வளவுதான் அவ சொன்னது. அதுக்கப்புறம் அளத்துல உப்புச் சுமந்து பிள்ளைய வளத்தா. அந்தப் பிள்ளதான் எங்க தாத்தா.

அன்னையில இருந்து இந்த வழக்கம். மொதப் பொட்டு கவுத்து வச்ச ஓட்டுக்கு. அதுக்குப் பக்கத்துல ஆசாரி வீட்டுல இருந்து ஒரு பலகை வரும், யாரு பேரும் இல்லாம. மேளம் அடிச்சதும் எல்லாரும் கடலப் பாத்துத் திரும்பணும். மேளம் நின்னப்புறம் பாத்தா பலகை இருக்காது, வரிசையில ஒரு ஆளு கூடியிருக்கும். அந்தப் பலகையிலயும் பொட்டு வச்சே ஆகணும். இதனால ஊரு திருந்திருச்சு, சாராயம் நின்னு போச்சுன்னு சொல்லமாட்டேன். கடை அன்னா, அங்கனதான் இருக்கு. வருசத்துல ஒரு நாளு, ஒரு மேளம் அடிச்சு ஓயிற நேரம், இந்த ஊரு கண்ண மூடிக்கிடுது. உச்சிமாளி வாங்கித் தந்தது அவ்வளவுதான்.

சரி, மேளக்காரவிய வந்துட்டாவ. எந்திரிங்க. கொட்டகைக்குப் பின்னால ஒருத்தன் ரொம்ப நேரமா நிக்கான். கழுத்தத் திருப்பாதிய. அவன் கை ஆடுதா ஆடலையான்னு நமக்கு வேண்டாம்.

முப்பத்தெட்டு வருசத்துக்கு முன்னால அந்தக் கொட்டகைக்குப் பின்னால நான் நின்னேன். அங்க இருந்து இங்க வந்து பலகைய எடுத்துக்கிட்டு, தள்ளாடித் தள்ளாடி வரிசைக்கு வந்தேன். இருநூறு முதுகு என் முன்னால. அதுல ஒண்ணு எங்க அப்பா முதுகு. அது குலுங்குச்சு. ஆனா திரும்பல.

மேளம் அடிக்கான். கடலப் பாருங்க.